காதுக்குள் நாடி துடிக்கிறதா? கிளோமஸ் கட்டிக்குச் சிகிச்சையை முடிவு செய்வது எப்படி

அம்மாவுக்குச் சாப்பிடும்போது புரை ஏற ஆரம்பித்தது. ரசம் ஊற்றிச் சாப்பிட்டால் ஏறும், கெட்டியாகப் பிசைந்த தயிர் சாதத்துக்கு ஏறாது. நாங்களும் உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லித் தண்ணீர் கொடுப்போம். தண்ணீர் குடித்தால் இன்னும் அதிகமாக ஏறும். அதற்கு ஒன்றரை வருடம் முன்பிருந்தே வலது காதில் 'தும் தும்' என்று ஒரு சத்தம், ராத்திரி படுத்தால் தூங்கவிடாமல் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குக் காதில் அழுக்கு என்று சொட்டு மருந்து, நரம்புத் தளர்ச்சி என்று ஒரு மாத்திரை, பிரஷர் என்று இன்னொரு மாத்திரை எல்லாம் கொடுத்தார்கள். காதையும் தொண்டையையும் சேர்த்து வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, கூடவே இருந்த எனக்கும் தோன்றவில்லை.

கடைசியில் ஒரு ஈ.என்.டி டாக்டர் காதுக்குள் எண்டோஸ்கோப் விட்டு டிவியில் காட்டினார். செவிப்பறைக்குப் பின்னால், கீழ்ப்பக்கமாக, மாதுளை முத்து மாதிரி ஒரு சிவப்பு. அது லேசாகத் துடித்தது. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், இரண்டும் ஒரே தாளம். அதுதான் கிளோமஸ் கட்டி. இப்போது பாராகாங்லியோமா என்று எழுதுகிறார்கள். மண்டையோட்டின் அடித்தளத்தில் வரும், ரத்தக்குழாய்கள் நிறைந்த, பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு ஏறக்குறைய ஒருவருக்கு மட்டும் வருகிற கட்டி.

நான் டாக்டர் இல்லை. ஆறு வருடமாக இந்தக் கட்டியோடு அம்மா கூட ஆஸ்பத்திரிகளில் உட்கார்ந்திருந்தவன், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தப் பெயரைச் சொல்லி ஸ்கேன் கவரைக் கையில் கொடுத்திருந்தால் அடுத்து என்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம், எதைக் கேட்கலாம் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். முடிவு உங்கள் டாக்டரோடு சேர்ந்து எடுப்பது.

முதலில் ஒன்று. அவசரப்படாதீர்கள். இந்தக் கட்டி பெரும்பாலும் புற்றுநோய் மாதிரி பரவுவதில்லை, மிக மெதுவாக வளரும், பலருக்கு வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான். 'இந்த வாரமே அட்மிட் ஆகுங்கள்' என்று சொல்ல வேண்டிய நிலைமை மிகக் குறைவு. மூளைத்தண்டை அழுத்துகிறது, திடீரென்று முகம் கோணிவிட்டது, மூச்சுக்குழாய்க்குள் சாப்பாடு போய் நிமோனியா வருகிறது என்றால் வேறு கதை, அப்போது ஓடித்தான் ஆக வேண்டும். மற்றபடி இரண்டு மாதம் எடுத்து மூன்று டாக்டர்களைப் பார்ப்பதால் எதுவும் கெட்டுப்போகாது. தப்பான சிகிச்சையை அவசரத்தில் செய்துகொண்டால்தான் வாழ்நாள் முழுக்கத் திருப்ப முடியாமல் போகும்.

கட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மூளையிலிருந்து கெட்ட ரத்தம் இறங்கி வரும் பெரிய சிரை, காதுக்கு நேர் கீழே மண்டையோட்டின் ஒரு ஓட்டை வழியாகக் கழுத்துக்கு வருகிறது. ஜுகுலர் சிரை என்பது அதுதான். ஓட்டைக்குச் சற்று மேலே அந்தச் சிரை ஒரு குமிழ் மாதிரி வீங்கியிருக்கும். அந்தக் குமிழின் கூரையில், கடுகளவுகூட இல்லாத சின்னச் சின்னத் திசுக்கள் இருக்கின்றன என்று 1941-இல் ஸ்டேசி கில்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். நான்கு வருடம் கழித்து, 1945-இல், ஹாரி ரோசன்வாசர் என்ற டாக்டர் நடுக்காதில் எடுத்த ஒரு கட்டி அந்தத் திசுவிலிருந்து வந்ததுதான் என்று இரண்டையும் இணைத்தார். அதற்கு முன்பு இது என்ன கட்டி என்றே சரியாகப் பிடிபடவில்லை.

அதே ஓட்டை வழியாகத்தான் மூன்று நரம்புகளும் இறங்குகின்றன. மூளையிலிருந்து நேராகப் புறப்படும் நரம்புகளில் ஒன்பதாவது, பத்தாவது, பதினொன்றாவது. ஒன்பதும் பத்தும் சேர்ந்து விழுங்க வைக்கின்றன. பத்தாவது குரல்நாணையும் அசைக்கிறது. பதினொன்றாவது தோளைத் தூக்குகிறது. பக்கத்து ஓட்டையில் பன்னிரண்டாவது, அது நாக்குக்கு. கொஞ்சம் மேலே காதெலும்புக்குள் வளைந்து போவது ஏழாவது, அது முகத்துக்கு. முன்பக்கம் மூளைக்கு நல்ல ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி. ஒரு தீப்பெட்டி அளவு இடத்துக்குள் இவ்வளவும்.

எனக்கு இது புரிந்த அன்றைக்குத்தான் டாக்டரிடம் கேட்கும் கேள்வியே மாறியது. அதுவரை 'கட்டி முழுசா போயிடுமா?' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு அப்புறம் 'இன்றைக்கு எந்த நரம்பு வேலை செய்கிறது, நீங்கள் சொல்லும் சிகிச்சைக்கு அப்புறம் எது வேலை செய்யும்?' என்று கேட்க ஆரம்பித்தேன். நீங்களும் முதல் நாளிலிருந்தே இந்தக் கேள்வியைக் கேளுங்கள். கட்டி அங்கேயே கிடந்தாலும் அம்மா சாப்பிடலாம், பேசலாம், கோலம் போடலாம். நரம்பு போய்விட்டால் கட்டி இல்லாத கழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சதையை வெட்டிப் பரிசோதிக்கச் சொன்னால்

மறுத்துவிடுங்கள். கட்டி என்றாலே பயாப்ஸி என்று பழக்கமாகிவிட்டது, ஆனால் காது வழியாக இதைக் கிள்ளினால் ரத்தம் நிற்காமல் கொட்டும். நாங்கள் போன ஒரு ஆஸ்பத்திரியில், வெளிநோயாளி அறையிலேயே கிள்ளி எடுக்க ட்ரே எல்லாம் எடுத்து வைத்துவிட்டார்கள். அங்கே பயிற்சியில் இருந்த ஒரு இளம் டாக்டர்தான், 'இது துடிக்குது சார், முதல்ல ஸ்கேன் பார்த்துடலாம்' என்று மெதுவாகச் சொல்லித் தடுத்தார். அந்தப் பெண்ணின் பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம். இந்தக் கட்டியை ஸ்கேனிலேயே ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம், சதை தேவையில்லை.

எடுக்க வேண்டிய சோதனைகள்

காதெலும்புக்கு மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் சி.டி ஸ்கேன் முதலில். நடுக்காதுக்கும் ஜுகுலர் குமிழுக்கும் நடுவே ஒரு எலும்புத் தட்டு உண்டு. அது முழுசாக இருந்தால் கட்டி நடுக்காதோடு நிற்கிறது, அதற்கு கிளோமஸ் டிம்பானிக்கம் என்று பெயர். தட்டு கரையான் அரித்த மாதிரி அரித்திருந்தால் கீழே குமிழிலிருந்து ஏறி வந்திருக்கிறது, அது கிளோமஸ் ஜுகுலேர். இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம், ஏனென்றால் முன்னது சின்ன ஆபரேஷனில் முடிந்துவிடும். காது வழியாகவோ காதுக்குப் பின்னாலோ போய் எடுத்துவிட்டு ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், நரம்புகளுக்கு ஆபத்து மிகக் குறைவு. உங்களுக்கு டிம்பானிக்கம் என்று வந்தால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி உங்களுக்குத் தேவையே இல்லை, நல்ல காது சர்ஜனைப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

அடுத்து, மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. கட்டி கொஞ்சம் பெரிதாக இருந்தால் அதில் உப்பும் மிளகும் தூவிய மாதிரி தெரியும் என்பார்கள். கருப்புப் புள்ளிகள் எல்லாம் உள்ளே வேகமாக ஓடும் ரத்தம். மண்டைக்குள் எவ்வளவு போயிருக்கிறது, கரோட்டிட்டைச் சுற்றியிருக்கிறதா என்பது இதில் தெரியும். கழுத்து முழுவதையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள், தலையோடு நிறுத்தினால் இரண்டாவது தடவை வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, காலியம் டோட்டாடேட் பெட் ஸ்கேன். சாதாரணமாகப் புற்றுநோய்க்கு எடுக்கும் பெட் ஸ்கேன் வேறு, இது வேறு, சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தக் கட்டிகள் ஒன்றுக்கு மேல் இருக்கும் பழக்கம் உள்ளவை. அம்மாவுக்கு வலது காதுக்குக் கீழே இருந்தது எங்களுக்குத் தெரியும். இடது கழுத்தில் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத இன்னொன்று இருப்பதை இந்த ஸ்கேன்தான் காட்டியது. எங்கள் முடிவையே மாற்றியது அந்தச் சின்னப் புள்ளிதான், எப்படி என்று கீழே சொல்கிறேன்.

நான்காவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தலை, கழுத்தில் வரும் இந்தக் கட்டிகளில் நூற்றில் ஒன்றிரண்டு அட்ரினலின் வகை ஹார்மோன்களைச் சுரக்கும். அப்படிச் சுரக்கும் கட்டியை எதுவும் தெரியாமல் மயக்க மருந்து கொடுத்துத் தொட்டால் ஆபரேஷன் மேஜையிலேயே பிரஷர் எகிறிவிடும். எனவே எந்தச் சிகிச்சைக்கு முன்னாலும், இப்படிச் சுரக்கிறதா என்று காட்டும் மெட்டாநெஃப்ரின் சோதனை கட்டாயம். ரத்தத்தில் பார்ப்பதாக இருந்தால் 20, 30 நிமிடம் படுத்திருந்த பிறகு எடுக்க வேண்டும், ஆட்டோவில் இறங்கி மாடிப்படி ஏறி வந்ததும் எடுத்தால் அளவு பொய்யாகக் கூடும். சிறுநீரில் என்றால் 24 மணி நேரம் கேனில் பிடிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரை வெளியே விட்டுவிட்டு, அதற்கு அப்புறம் வருவது எல்லாவற்றையும், மறுநாள் காலை முதல் சிறுநீர் வரைக்கும் பிடியுங்கள். கேனில் லேப் ஆட்கள் ஆசிட் ஊற்றிக் கொடுத்திருந்தால் கழுவிவிடாதீர்கள், என் தங்கை கழுவிவிட்டு மறுபடி கேன் வாங்கப் போனாள். சாப்பிடும் மாத்திரைகளை, முக்கியமாக மனநல மாத்திரைகளையும் பாராசிட்டமாலையும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சில மாத்திரைகள் முடிவை மாற்றும்.

சுரக்கிறது என்று வந்துவிட்டால் முதலில் ஆல்ஃபா பிளாக்கர் வகை மாத்திரையை ஒன்று, இரண்டு வாரம் கொடுத்துப் பிரஷரை அடக்கிய பிறகுதான் மற்றது. நாடி வேகமாக ஓடுகிறதே என்று பீட்டா பிளாக்கரை முதலில் ஆரம்பித்தால் பிரஷர் இன்னும் ஏறும். வரிசை மாறக் கூடாது. இதை ஒரு தாளில் எழுதி ஃபைலின் முன்பக்கம் ஒட்டி வையுங்கள், நாளைக்குப் பல்லுக்கோ கண்ணுக்கோ ஆபரேஷன் என்றாலும் உதவும்.

வழி ஒன்று: பார்த்துக்கொண்டு இருப்பது

'ஒன்றும் செய்யாமல் இருக்கலாம்' என்று ஒரு டாக்டர் சொன்னபோது அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது, கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் இது கைவிடுவது இல்லை. கட்டி சின்னதாக இருக்கிறது, நரம்புகள் எல்லாம் வேலை செய்கின்றன, வயதும் ஆகிவிட்டது என்றால் முதலில் ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்தில் எம்.ஆர்.ஐ, அப்புறம் வருடாவருடம், வளரவில்லை என்றால் இடைவெளியைக் கூட்டலாம். கணிசமான பேருக்குப் பல வருடம் நகராமலே கிடக்கும். ஒவ்வொரு முறையும் புது ஸ்கேனைப் போன வருட ஸ்கேனோடு மட்டும் ஒப்பிடாமல் முதல் ஸ்கேனோடும் ஒப்பிட்டு அளவு எழுதச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது அடுத்தடுத்த இரண்டு ஸ்கேனில் 'மாற்றம் இல்லை' என்றுதான் எழுதப்படும், ஐந்து வருடம் சேர்த்துப் பார்த்தால்தான் வளர்ந்தது தெரியும். ஸ்கேன் படங்களைப் பதிந்து கொடுக்கும் வட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், பிலிமைவிட அதுதான் முக்கியம். ஒரு பென் டிரைவிலும் ஏற்றி வையுங்கள்.

வழி இரண்டு: ஆபரேஷன்

ஜுகுலேர் கட்டிக்கான பெரிய ஆபரேஷனை ஒழுங்குபடுத்தியவர் ஸ்விட்சர்லாந்தின் சூரிக் நகரத்து டாக்டர் உகோ ஃபிஷ், 1970-களில். கட்டியை ஏ, பி, சி, டி என்று வகை பிரித்ததும் அவர்தான். உங்கள் ரிப்போர்ட்டில் சி 1, சி 2 என்று இருந்தால் அது கரோட்டிட் தமனியை எவ்வளவு தொட்டிருக்கிறது என்பதற்கான கணக்கு, டி என்றால் மண்டைக்குள் போயிருக்கிறது.

என்ன செய்வார்கள் என்று நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களிடம் 'பெரிய ஆபரேஷன்தான், பார்த்துக்கலாம்' என்று மட்டும் சொன்னார்கள், பாதி புரியாமலே தலையாட்டிக்கொண்டிருந்தோம். காதுக்குப் பின்னாலிருந்து கழுத்து வரை வளைவாகத் திறப்பார்கள். காதுத் துவாரத்தைத் தைத்து மூடிவிடுவார்கள், அந்தக் காதில் பிறகு சரியாகக் கேட்காது. முக நரம்பை அதன் எலும்புக் குழாயிலிருந்து எடுத்து முன்பக்கம் நகர்த்தி வைப்பார்கள், அதனால் முகம் சில மாதம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், பலருக்கும் பெருமளவு திரும்பும், எல்லோருக்கும் முழுசாகத் திரும்பாது. முக நரம்பை நகர்த்தாமலே செய்யும் முறையும் இருக்கிறது, உங்கள் கட்டிக்கு அது முடியுமா என்று கேளுங்கள். ஜுகுலர் சிரையைக் கழுத்தில் கட்டி, மேலே அடைத்து, நடுவில் உள்ள குமிழோடு கட்டியை எடுப்பார்கள். விழுங்கும் நரம்புகள் குமிழின் உட்புறச் சுவரை ஒட்டிப் போகின்றன. அந்தச் சுவரைத் தொடாமல் விட முடிந்தால் நரம்பு பிழைக்கும். கட்டி அந்தச் சுவரைத் தாண்டியிருந்தால், எவ்வளவு கைதேர்ந்த சர்ஜனாக இருந்தாலும் நரம்பைக் காப்பது கஷ்டம். எட்டு, பத்து மணி நேரம் போகும் வேலை.

ஆபரேஷனுக்கு ஓரிரு நாள் முன்னால் தொடை வழியாகக் குழாய் விட்டு, கட்டிக்கு ரத்தம் கொடுக்கும் தமனிகளை உள்ளிருந்தே அடைப்பார்கள். எம்போலைசேஷன் என்று பெயர். அப்படி அடைத்தால் மேஜையில் ரத்தம் போவது நன்றாகக் குறையும். ஆனால் அதே தமனிகள்தான் பல இடங்களில் நரம்புகளுக்கும் உணவு கொடுக்கின்றன, எனவே அடைப்பதற்கே ஒரு ஆபத்து உண்டு. இதைத் தினமும் செய்கிற ஆள் செய்ய வேண்டும். அடைத்துவிட்டால் கட்டி செத்துவிடும், ஆபரேஷன் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், ரத்தம் வேறு வழி கண்டுபிடித்து வந்துவிடும்.

சர்ஜனிடம் கேட்க வேண்டியவை எனக்குத் தோன்றிய வரிசையில் இவை. நீங்கள் இந்த ஆபரேஷனை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், அதில் எத்தனை பேர் மூக்கில் குழாய் இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள்? மற்றப் பக்கத்து ஜுகுலர் சிரை நல்ல அகலமாக இருக்கிறதா, இந்தப் பக்கத்தை அடைத்தால் அது மட்டும் மூளை ரத்தத்தை வடிக்குமா? (இதைக் கேட்டதும் ஒரு சர்ஜன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படத்தை மறுபடி திறந்து காட்டினார்.) கரோட்டிட் கிழிந்தால் என்ன திட்டம்? நரம்பில் ஒட்டியிருக்கும் கொஞ்சத்தை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுத்து, விட்டதற்கு அப்புறம் கதிர்வீச்சு கொடுப்பீர்களா? இப்போது பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். முழுசாக எடுத்தே தீருவேன் என்று நிற்பவரைவிட இதைப் பேசத் தயாராக இருப்பவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம்.

ஆபரேஷன்தான் சரி என்கிற நிலைமைகளும் உண்டு. மூளைத்தண்டு அழுத்தப்படுகிறது, கட்டி ஹார்மோன் சுரக்கிறது, காதிலிருந்து ரத்தம் வடிகிறது, புற்று என்ற சந்தேகம் இருக்கிறது, இதில் எதுவாக இருந்தாலும் யோசிக்கத்தான் வேண்டும். நரம்புகள் ஏற்கெனவே முழுசாகப் போய்விட்டன என்றால் இழக்க ஒன்றும் இல்லை, சின்ன வயதுக்காரராக இருந்தால் உடம்பும் தாங்கும்.

வழி மூன்று: கதிர்வீச்சு

எங்கள் ஊரில் கரண்ட் வைப்பது என்பார்கள். அம்மாவுக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் முடி கொட்டும், கருத்துப் போகும் என்று பயம். இது அப்படிப்பட்டது இல்லை. காமா நைஃப் என்பது கத்தியே இல்லாத வேலை. ஸ்டாக்ஹோமில் லார்ஸ் லெக்செல் என்ற மூளை சர்ஜன் 1960-களின் கடைசியில் கொண்டுவந்தது. இப்போதைய மெஷினில் 192 கோபால்ட் மூலங்களிலிருந்து வரும் கதிர்கள் ஒரே புள்ளியில் சந்திக்கும். ஒவ்வொரு கதிரும் தனித்தனியாக வலுக் குறைந்தது, சேரும் இடத்தில் மட்டும்தான் வலு. டெல்லி எய்ம்ஸ், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற அரசு நிறுவனங்களிலேயே இருக்கிறது. சைபர்நைஃப், லினாக் என்ற மெஷின்களிலும் இதே வேலையைச் செய்யலாம். மெஷினின் பெயரைவிட, இந்தக் கட்டிக்குத் திட்டம் போட்டுப் பழகியவர் அங்கே இருக்கிறாரா என்பதைப் பாருங்கள்.

அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலையில் நெற்றியிலும் பின்தலையிலுமாக நான்கு இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு உலோகச் சட்டத்தைத் திருகி மாட்டினார்கள். அதுதான் அன்றைக்கு இருந்த வலி, ஐந்து நிமிடம். அதோடு எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். பிறகு டாக்டரும் கதிர் இயற்பியல் நிபுணரும் கம்ப்யூட்டரில் திட்டம் போடும் வரை அம்மா சட்டத்தோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மெஷினுக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் படுத்திருந்தார், சத்தம் இல்லை, சூடு இல்லை. சாயங்காலம் சட்டத்தைக் கழற்றினார்கள். மறுநாள் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டோம், முடி ஒன்றுகூடக் கொட்டவில்லை.

கட்டியின் ஓரத்தில் விழும் கதிரின் அளவு பொதுவாக 12-இலிருந்து 16 கிரே வரை இருக்கும், கிரே என்பது கதிரை அளக்கும் அலகு. ஏறக்குறைய 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டிக்கு இந்த ஒரே நாள் முறை பொருந்தும். அதைவிடப் பெரிதாக இருந்தால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்து வாரத்தில் 45 கிரே அளவுக்குக் கொடுக்கும் முறை இருக்கிறது, அதுவும் நன்றாகவே கட்டுப்படுத்தும். பல பெரிய ஆய்வுகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கட்டி வளர்வது நின்றிருக்கிறது.

நிற்பது என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கதிர்வீச்சு கட்டியைக் கரைத்து எடுத்துவிடாது. அடுத்த ஸ்கேனிலும் அது அங்கேயேதான் இருக்கும், சிலருக்குக் கொஞ்சம் சுருங்கும், முதல் வருடம் லேசாக வீங்கின மாதிரிகூடத் தெரியலாம், அதைப் பார்த்துப் பதறி மறு சிகிச்சைக்கு ஓடக் கூடாது. காதுச் சத்தம் குறையவும் மாதக்கணக்கில் ஆகும். அம்மாவுக்கு எட்டு மாதத்தில் குறைய ஆரம்பித்தது, முழுசாக நிற்கவில்லை, ஆனால் தூங்குகிறார். தலைசுற்றல் சில வாரம் இருந்தது. கேட்கும் திறன் பல வருடத்தில் குறைய வாய்ப்புண்டு. கதிரால் பின்னாளில் வேறு கட்டி வருவது மிக மிக அரிது என்றாலும், இருபது வயதுக்காரருக்கு முன்னால் இன்னும் அறுபது வருடம் இருப்பதால் அவர் அந்தக் கணக்கையும் போட வேண்டும். அம்மாவுக்கு அப்போது 58.

சரி, நாங்கள் ஏன் ஆபரேஷனை விட்டோம்? இடது கழுத்தில் தெரிந்த அந்தச் சின்னப் புள்ளியால்தான். வலது பக்கம் ஆபரேஷன் செய்து பத்தாவது நரம்பு போய்விட்டால் வலது குரல்நாண் நின்றுவிடும். ஒன்று நின்றால் மற்றது ஈடுகட்டும். நாளைக்கு இடது பக்கக் கட்டி வளர்ந்து அந்தப் பக்கத்து நரம்பும் போனால் இரண்டும் நின்று, மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் கழுத்தில் ஒன்று வயிற்றில் ஒன்று எனக் குழாய்தான். ஒரு பக்க நரம்பையாவது எப்பாடுபட்டாவது காக்க வேண்டும் என்று அந்தக் கதிர்வீச்சு டாக்டர் ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். அந்தத் தாள் இன்னும் ஃபைலில் இருக்கிறது. பெட் ஸ்கேன் எடுக்காமல் போயிருந்தால் நாங்கள் ஆபரேஷனுக்குத்தான் கையெழுத்துப் போட்டிருப்போம்.

பரவிய கட்டிக்கு மாத்திரையும் ஊசியும் உண்டு. லுட்டீஷியம் டோட்டாடேட் என்ற கதிர் மருந்து இந்தியாவிலும் கொடுக்கிறார்கள். ஆபரேஷன் செய்ய முடியாத அல்லது பரவிவிட்ட பாராகாங்லியோமாவுக்கு பெல்சுட்டிஃபான் என்ற மாத்திரையை அமெரிக்க அரசு 2025-இல் அனுமதித்தது. காதோடு நிற்கும் சாதாரணக் கட்டிக்கு இவை தேவையில்லை.

பையன்களுக்கு மூக்கில் ரத்தம் வந்தால்

இது வேறு கட்டி, ஆனால் இதையும் அதையும் குழப்பிக்கொண்டு என்னிடம் கேட்கிறார்கள், அதனால் இரண்டு வரி. பன்னிரண்டிலிருந்து இருபது வயதுக்குள் இருக்கும் பையனுக்கு ஒரு பக்க மூக்கு அடைப்பும் அடிக்கடி மூக்கிலிருந்து ரத்தமும் வந்தால் ஆஞ்சியோஃபைப்ரோமா என்ற ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம். அதற்கும் பயாப்ஸி கூடாது. ஆனால் அதற்கு முதல் சிகிச்சை ஆபரேஷன்தான், முன்னால் எம்போலைசேஷன் செய்துவிட்டுப் பெரும்பாலும் மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப்பில் எடுத்துவிடுகிறார்கள். நான் மேலே எழுதிய நிதானம் அதற்குப் பொருந்தாது.

விழுங்கப் பழகுவது

நரம்பு ஏற்கெனவே கொஞ்சம் போயிருந்தால், சிகிச்சை எதுவானாலும், ஸ்பீச் தெரபிஸ்டை முதல் வாரத்திலேயே பாருங்கள். பேச்சுக்கு மட்டும்தான் அவர்கள் என்று நான் நினைத்திருந்தேன், விழுங்குவதற்கும் அவர்கள்தான். அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது இது: நிமிர்ந்து உட்கார வேண்டும், ஒரு வாய் வைத்ததும் முகத்தைப் பலவீனமான பக்கம், அவருக்கு வலது பக்கம், திருப்பிக்கொண்டு தாடையைக் கீழே இறக்கி விழுங்க வேண்டும். அப்போது சாப்பாடு நல்ல பக்கம் வழியாக இறங்கும். தண்ணீரைச் சொம்பிலிருந்து அண்ணாந்து குடிப்பதை அன்றோடு நிறுத்தினோம், ஐம்பது வருடப் பழக்கம், கஷ்டப்பட்டார். டம்ளரில் வாய் வைத்து ஒவ்வொரு மிடறாகத்தான். மெல்லிய நீர் முதலில் வேண்டாம், கேழ்வரகுக் கூழ் பதம் நல்லது, பாயசம் பரவாயில்லை, ரசம் கடைசியில். சாப்பிடும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது, டிவி கூடாது. குரல் ரொம்பக் கம்மிவிட்டால் குரல்நாணை நடுவே தள்ளி வைக்கும் சின்ன ஆபரேஷன் இருக்கிறது, அது குரலோடு புரை ஏறுவதையும் குறைக்கும். முகம் இழுத்துக்கொண்டு கண் மூடவில்லை என்றால் சொட்டு மருந்தும், ராத்திரி களிம்பு போட்டு இமையை ஒட்டி வைப்பதும் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது, கருவிழி காய்ந்தால் பார்வையே போகும்.

செலவு பற்றி ஒன்று. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அட்மிட் ஆவதற்கு முன்னாலேயே அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரில் சிகிச்சையின் பெயரைச் சொல்லி எதற்கு அனுமதி கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் அலைச்சல்தான்.

குடும்பத்தில் மற்றவர்களுக்கு

எங்கள் தாத்தா, அம்மாவின் அப்பா, கழுத்தில் எலுமிச்சம்பழ அளவு ஒரு கட்டியோடு இருந்தார். குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டு எடுத்த போட்டோவில் நன்றாகத் தெரியும். வலி இல்லாததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. அம்மாவின் மரபணுச் சோதனையில் எஸ்.டி.எச்.டி என்ற மரபணுவில் பிழை என்று வந்தபோதுதான் அந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்தோம். இந்தக் கட்டி உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்காவது பரம்பரைக் காரணம் இருக்கிறது, எனவே குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்றாலும் சோதனை செய்யுங்கள். ரத்தம் மட்டும்தான் எடுப்பார்கள். எஸ்.டி.எச்.பி என்ற இன்னொரு மரபணுவில் பிழை என்று வந்தால் கட்டி பரவும் வாய்ப்பு அதிகம், கண்காணிப்பும் கடுமையாக இருக்க வேண்டும்.

எஸ்.டி.எச்.டி-யின் குணம் விசித்திரமானது. பிள்ளைகளுக்கு அந்தப் பிழை போக இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆனால் அப்பாவிடமிருந்து வந்தால்தான் கட்டியாக வரும், அம்மாவிடமிருந்து வந்தால் பெரும்பாலும் வராது, உள்ளே சும்மா கிடக்கும். அதனால்தான் ஒரு தலைமுறை தாண்டி வருகிற மாதிரி தெரியும். தாத்தாவிடமிருந்து அம்மாவுக்கு வந்தது. அம்மாவிடமிருந்து எனக்கும் வந்திருக்கிறது, எனக்குக் கட்டி இல்லை. ஆனால் நான் ஆண். என் மகளுக்கு அது போயிருந்தால், அவளுக்கு அப்பா வழியாக வந்ததாகிவிடும். அவளுக்கு இப்போது எட்டு வயது. பத்து வயதைத் தாண்டியதும் சோதனை, பிழை இருந்தால் அதற்கு அப்புறம் ஒழுங்காக ஸ்கேன் என்று மரபணு ஆலோசகர் சொல்லியிருக்கிறார். என் தங்கைக்கும் பிழை இருக்கிறது, ஆனால் அவள் பிள்ளைகளுக்கு அது அம்மா வழி, பயம் மிகக் குறைவு. இதைத் தங்கைக்குப் புரியவைக்க ஒரு நாள் முழுக்க ஆனது, அப்புறம் அழுதாள்.

மாமாவுக்கும் அதே தாத்தாதான் அப்பா. 'எனக்கு ஒண்ணும் இல்ல, எதுக்குடா வம்பு' என்று இரண்டு வருடம் தட்டிக்கழித்தார். போன வருடம் அம்மாவே அவரைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தார். பிழை இருந்தது. கழுத்திலிருந்து அடிவயிறு வரை எம்.ஆர்.ஐ எடுத்ததில் இடது கரோட்டிட் பிரிவில் 12 மில்லிமீட்டரில் ஒன்று இருந்தது, வலி இல்லை, குரல் நன்றாக இருக்கிறது. வருடாவருடம் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். மாமாவின் இரண்டு பையன்களுக்கும் அடுத்த மாதம் ரத்தம் எடுக்கத் தேதி வாங்கியிருக்கிறோம்.